லைப்பேஸ் ஏறிட்டா ஆபத்தா?

கேள்வி: அப்பாவுக்கு திடீர்னு கணைய அழற்சி, லைப்பேஸ் 2,000-க்கு மேல இருக்கு. டாக்டர் "ரெண்டு நாள் பார்த்துதான் சொல்ல முடியும்"ங்கறாங்க. இவ்ளோ ஏறினா சீரியஸ்தானே டாக்டர்?

பதில்: இல்லம்மா, லைப்பேஸ்ங்கறது கணையம் சுரக்கற ஒரு செரிமான நொதி, அது ஏறினா நோய் என்னன்னு காட்டிக் கொடுக்கும், அவ்ளோதான், எவ்ளோ தீவிரம்னு அது சொல்லாது, 2,000 இருந்தவங்க ஒரே வாரத்துல எழுந்து நடந்து வீட்டுக்குப் போறதும் உண்டு. நாங்க பாக்கறது வேற: மூச்சு வாங்குதா, குழப்பமா பேசறாரா, வயசு 60-க்கு மேலயா, நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கா, ரத்தத்துல யூரியா நைட்ரஜன் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) 25-ஐத் தாண்டி ஏறிக்கிட்டே போகுதா, இதெல்லாம்தான். யூரியா முதல் நாளைவிட மறுநாள் இறங்கியிருந்தா எனக்கு பாதி நிம்மதி. அந்த ரெண்டு நாள் கணக்கு ஏன்னா, கிட்னி, நுரையீரல், இதயம் இதுல எது பழுதானாலும் 48 மணி நேரத்துக்குள்ள சரியாயிட்டா பெரும்பாலும் தப்பிச்சிடுவாங்க, அதைத் தாண்டியும் நீடிச்சாதான் தீவிர வகைன்னு சொல்றோம். சிஆர்பின்னு அழற்சியோட அளவைக் காட்டற ரத்த டெஸ்ட்டும் அந்த 48 மணி நேரம் வாக்குலதான் உபயோகப்படும், 150-க்கு மேல போனா உஷாராகணும். சிடி ஸ்கேன் உடனே எடுக்கலையேன்னு கவலைப்படாதீங்க, கணையத்துல திசு அழுகியிருந்தா அது ஸ்கேன்ல தெளிவா தெரிய மூணு நாலு நாள் ஆகும். சிறுநீர் எவ்ளோ போறார்னு மட்டும் நர்ஸ்கிட்ட கேட்டுக்கிட்டே இருங்க, குறைஞ்சா உடனே சொல்லுங்க.