'ம.வ.2' என்றால் தம்பிக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறேன். கிடார் சத்தத்தை மாற்றக் காலடியில் வைக்கும் என் பெடல்போர்டில், காலால் மிதிக்கும் ஃபுட்சுவிட்ச் எட்டு. ஸ்டிக்கர் தாளில் இங்க்ஜெட் பிரிண்ட் எடுத்து, மேலே செலோடேப் போட்டு லேபிள் ஒட்டினேன். இரண்டு கச்சேரிக்குள் மை கலங்கி, ஓரம் சுருண்டுவிடுகிறது. எதை ஒட்டினால் நிற்கும்? போன மாதம் எனக்குக் காய்ச்சல் என்று தம்பியை அனுப்பினேன். மெலடிப் பாட்டில், கரகரப்பான சத்தம் தரும் டிஸ்டார்ஷனை மிதித்துவிட்டான். "ம.வ.2 என்று எழுதியிருக்கிறதே, கண் தெரியலையா?" என்று குழுவின் முன்னாலேயே திட்டினேன்.
- வாசகர், மதுரை

பதில்: 'ம.வ.2' என்றால் என்ன? கடிதம் முழுக்கத் தேடியும் விளக்கம் இல்லை. எனக்குப் புரியாதது உங்கள் தம்பிக்கு மட்டும் எப்படிப் புரியும்? உங்களுக்கு மட்டுமே விளங்கும் குறிப்பை எழுதி வைத்துவிட்டு, நீங்கள் படுத்த அன்று அவனை மேடைக்கு அனுப்பினீர்கள். உங்களுக்காகப் போனவன் நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கித் திரும்பினான். அண்ணன் என்றால் வேலையை ஒப்படைக்கும் முன் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். லேபிள் உரிந்தது பசையின் குறை. இது உங்கள் குறை.

ஆகவே பசைக்கு முன்னால் வாசகத்தை மாற்றுங்கள். கிளீன், கோரஸ், டிலே, டிரைவ், சோலோ என்று காதில் கேட்கும் சத்தத்தின் பெயரையே எழுதுங்கள். சுவிட்சுக்கு ஒரு சொல் போதும். பாட்டுக்குப் பாட்டு மாறும் விவரத்தை நிரந்தர லேபிளில் ஏற்ற வேண்டாம். வெள்ளைத் துணி டேப்பில் மார்க்கரால் எழுதி ஒட்டி, கச்சேரி முடிந்ததும் உரித்துவிடுங்கள்.

நிற்பவர் கண்ணிலிருந்து போர்டு சுமார் ஒன்றரை மீட்டர். எழுத்தின் உயரம் அதில் இருநூறில் ஒரு பங்கு, அதாவது 7.5 மி.மீ., இருந்தால் நல்ல வெளிச்சத்தில் படிக்கலாம். மேடை இருட்டுக்கு 10 மி.மீ. வையுங்கள். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும் வருவதால் லேபிளின் உயரம் 18 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தடித்த எழுத்து, கறுப்பில் வெள்ளை. வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்து வேண்டவே வேண்டாம். சிவப்பு விளக்கு விழுந்ததும் இரண்டும் ஒரே நிறமாகிவிடும்.

ஒட்டும் இடம் சுவிட்சுக்கு அப்பால், உங்களிடமிருந்து விலகிய பக்கம். இந்தப் பக்கம் ஒட்டினால் மிதிக்கும்போது ஷூ மறைக்கும், தேய்க்கவும் செய்யும். சுவிட்சின் எல்.இ.டி. விளக்கை ஒட்டினாற்போல் எழுத்து வந்தால் அதன் ஒளியில் கண் கூசும். ஒரு சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

இனி பொருள். சாதாரண இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும். செலோடேப் மேற்பரப்பைத்தான் மூடுகிறது. தாளின் வெட்டிய ஓரம் திறந்தே கிடக்கிறது. வியர்வையும் சிந்திய தண்ணீரும் அந்த வழியாக ஏறித் தாளை ஊற வைக்கின்றன. ஸ்டிக்கர் கடையில் பாலியஸ்டர் அல்லது வினைல் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்து, மேட் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். பளபளப்பு லேமினேஷனில் விளக்குத்தான் தெரியும், எழுத்து தெரியாது. பிரிண்ட் 100 சதவீத அளவில் இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பொருத்து என்று விட்டால் எல்லாம் சுருங்கி வரும். கூர்மூலைதான் முதலில் கிளம்பும், 2 மி.மீ. வளைத்து வெட்டுங்கள்.

சுவிட்சைச் சுற்றி ஒட்டுவதானால் ஓட்டை 18 மி.மீ. இருக்கட்டும். சுவிட்சின் மரை 12 மி.மீ.தான். ஆனால் நட்டுக்கு அடியில் லேபிள் சிக்கினால், முடுக்கும்போது நட்டு அதையும் திருகிக் கிழித்துவிடும்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பின் விரல் படாமல் ஒட்டி அழுத்துங்கள். 24 மணி நேரம் போர்டை மிதிக்கக் கூடாது. போர்டின் மேல்பூச்சு சொரசொரப்பான பவுடர் கோட்டிங் என்றால் மேடுகளில் மட்டுமே பசை படும்; தடிமனான, வலுவான பசையுள்ள ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் கடைக்குப் போகும்போது. அதற்கு முன் எட்டுப் பெயரையும் வெறும் தாளில் எழுதிப் போர்டில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுத் தம்பியை நிற்க வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவன் தயங்கும் சொல்லை அவனையே மாற்ற விடுங்கள். அடுத்த ரிகர்சலில், அன்று இருந்த அதே குழுவின் முன்னால், "தப்பு என்னுடையதுடா" என்று சொல்லிவிட்டு, ஒரு பாட்டுக்காவது போர்டை அவனிடம் கொடுங்கள்.