சார்ட்டில் தெரியும் கன்னட எழுத்து பஸ் போர்டில் மறந்துபோகிறதா?

வணக்கம். தினமும் ஒரு மணி நேரம் சார்ட்டைப் பார்த்து எழுதியும், பெங்களூரு பஸ் போர்டில் ப, வ, ம மூன்றும் குழம்புகிறது என்கிறீர்கள். இதை வைத்து ஞாபக சக்தியைச் சந்தேகிக்க வேண்டாம். பயிற்சி முறையை மாற்றினால் போதும். பார்த்து எழுதும்போது விடை கண்ணெதிரே இருக்கிறது, மூளைக்குத் தேடி எடுக்கும் வேலையே இல்லை. பஸ் வரும்போது வேண்டியதோ அந்தத் தேடல்தான். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களே முன்னால்.

சார்ட்டை மூடிவிட்டு அட்டை செய்யுங்கள். முன்பக்கம் கன்னட எழுத்து, பின்பக்கம் உச்சரிப்பு. பத்து அட்டை போதும். வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும், ஊகமானாலும் பரவாயில்லை. தப்பானதை அன்றே மறுபடி, சரியானதை மறுநாள், பிறகு மூன்று நாள், ஒரு வாரம் என்று தள்ளிக்கொண்டே போங்கள்.

ஒரே எழுத்தை இருபது முறை எழுதுவதுதான் உங்கள் குழப்பத்துக்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். வ-வின் வலது முனையில் ஒரு சுழி கூடினால் ம. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண் அதைப் பிடிக்கும். வர்த்தூர், மல்லேஸ்வரம், பத்மநாபநகர் என்ற மூன்று பெங்களூரு ஊர்ப்பெயர்களையும் கன்னடத்தில் எழுதிக் கலைத்துப் போட்டு, முதல் எழுத்தை மட்டும் சொல்லிப் பழகுங்கள். முதல் சில நாள் தப்பு நிறைய வரும், அதற்காகச் சார்ட்டுக்குத் திரும்பாதீர்கள். வி, மெ போன்ற உயிர்மெய் வடிவங்கள் இரண்டாம் வாரத்தில் வரட்டும்.