ஐந்து உலோகமும் 190 ஜிகாபாஸ்கலும்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஐந்து உலோகங்களைக் கலந்த மீக்கடத்தி (குளிர்வித்தால் மின்தடை பூஜ்யமாகிவிடும் பொருள்) பற்றியும், அழுத்தினால் அதன் மீக்கடத்தும் வெப்பநிலை ஏறுவது பற்றியும் நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஈயத்தை அழுத்தினால் மீக்கடத்தும் வெப்பநிலை இறங்கும் என்றுதான் வகுப்பில் படித்தோம். இதில் மட்டும் ஏன் ஏறுகிறது? இன்னொன்று, மணவாளக்குறிச்சி மணலிலேயே டைட்டானியமும் சிர்க்கோனியமும் கிடக்கும்போது இங்கே ஒரு கல்லூரியில் செய்து பார்க்க முடியாதா? எங்கள் பேராசிரியர், “உருக்குவது சுலபம், அளப்பதுதான் பாடு” என்கிறார்.

ஷீபா, களியக்காவிளை

அன்புள்ள ஷீபா,

பேராசிரியர் சொன்னதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். உருக்குவதும் சுலபமில்லை.

மணலில் கிடப்பது உலோகமல்ல, இல்மனைட், சிர்க்கான் என்ற தாதுக்கள். இல்மனைட்டைக் குளோரைடாக்கி, மக்னீசியத்தால் ஒடுக்கினால்தான் (அதாவது குளோரினைப் பிரித்தால்தான்) டைட்டானியம் ஸ்பாஞ்ச், துளைத்துளையான உலோகம், கிடைக்கும். கேரளத்தின் சவறையில் அதற்கென ஆலையே இருக்கிறது. சிர்க்கோனியத்தில் ஹாஃப்னியம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அணு உலைக்கு அதைப் பிரித்தெடுத்தே தீரவேண்டும். நமக்கு இரண்டும் தேவை, ஆனால் எது எவ்வளவு என்று தெரியவேண்டும். எனவே தூய உலோகத் துண்டுகளை விலைக்கு வாங்குங்கள்.

2014-இல் முதலில் அறிவிக்கப்பட்ட கலவையில் அணு விகிதம் டான்டலம் 34, நியோபியம் 33, ஹாஃப்னியம் 8, சிர்க்கோனியம் 14, டைட்டானியம் 11. ஐந்து கிராம் கட்டிக்கு அதே வரிசையில் 2.471, 1.231, 0.573, 0.513, 0.211 கிராம். ஆர்கான் வாயுவில், தண்ணீர் ஓடும் செப்புத் தட்டில் ஆர்க் வைத்து உருக்கவேண்டும். டான்டலம் உருகுவது 3017 டிகிரி செல்சியஸில். டைட்டானியம் 3287-இல் கொதித்தே விடும். ஆகவே டான்டலத்தையும் நியோபியத்தையும் முதலில் உருக்கிச் சேர்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். அதற்கும் முன்னால், தனியாக ஒரு டைட்டானியம் உருண்டையை உருக்கி, மிச்ச ஆக்சிஜனை அது விழுங்கும்படி விடுங்கள். கட்டியைப் பலமுறை புரட்டிப் புரட்டி உருக்கி, கடைசியில் எடை பாருங்கள். 0.05 கிராம் டைட்டானியம் ஆவியாகப் போனாலே அதில் கால் பங்கு போயிற்று.

வெறும் காற்றழுத்தத்திலேயே ஒருமுறை மின்தடை பார்த்துவிடுங்கள். தடை பூஜ்யமாக வேண்டியது 7.3 முதல் 7.7 கெல்வினில். 9.2-இல் ஒரு படி தெரிந்தால் மகிழவேண்டாம், அது கலக்காமல் கிடக்கும் நியோபியம்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஈயத்தை நெருக்கினால் அணிக்கோவையின் (அணுக்களின் ஒழுங்கான அடுக்கின்) அதிர்வு விறைத்து, எலக்ட்ரான்களோடு அதற்குள்ள பிணைப்பு தளர்கிறது. சிர்க்கோனியம், டைட்டானியம் போன்றவற்றிலோ அழுத்தம் எலக்ட்ரான்களை எஸ் பட்டை என்ற ஆற்றல் மட்டத் தொகுதியிலிருந்து டி பட்டைக்குத் தள்ளுகிறது. மீக்கடத்தலுக்கு அது சாதகம். 2017-இல் வெளியான அளவீட்டில் இதே ஐந்து உலோகங்களைச் சற்றே வேறு விகிதத்தில் கலந்ததன் மீக்கடத்தும் வெப்பநிலை 7.7-இலிருந்து 60 ஜிகாபாஸ்கலில் 10 கெல்வினுக்கு ஏறி, 190.6-இல் 9-க்கு மெல்ல இறங்கியது. ஏறியதைவிட, கிட்டத்தட்ட 19 லட்சம் வளிமண்டல அழுத்தத்திலும் பூஜ்யத் தடை அறுபடாமல் நின்றதே எனக்குப் பெரிது. ஏற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் நியோபியம்–டைட்டானியம் இருக்கிறது: 9.6-இலிருந்து 19.1 கெல்வின் வரை போயிருக்கிறது.

அளப்பது டயமண்ட் ஆன்வில் செல்லில், அதாவது இரண்டு வைரங்களுக்கு நடுவே மாதிரியை வைத்து நெருக்கும் கருவியில். 300 மைக்ரான் முகமுள்ள வைரங்கள் போதும், 100 ஜிகாபாஸ்கலைத் தாண்டும் ஆசை வேண்டாம். மாதிரியைச் சுற்றி வைரங்களுக்கு நடுவே வரும் தகடான கேஸ்கெட் உலோகம், அதுவும் மின்சாரம் கடத்தும். அதன்மேல் எப்பாக்சிப் பசையில் குழைத்த கனசதுர போரான் நைட்ரைடை (மின்சாரம் கடத்தாதது) அழுத்திப் பூசி, அதன்மேல் நான்கு பிளாட்டினக் கம்பிகள். கம்பி பெரும்பாலும் வைர முகத்தின் விளிம்பில்தான் வெட்டுப்படும். பூச்சு மெலிந்த இடத்தில் கேஸ்கெட்டோடு ஷார்ட் ஆகும். அழுத்தத்தைக் கடத்த உப்புத்தூள் வைத்தால் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என அழுத்தம் மாறும். மீக்கடத்தல் இறக்கம் அகன்றுபோவது அதனால். மாணிக்கத் துணுக்குகளை மாதிரியின் நடுவிலும் ஓரத்திலும் வைத்து 694 நானோமீட்டர் ஒளிர்வின் நகர்வைப் பாருங்கள், அதிலிருந்து அழுத்தம் தெரியும். குளிரவைத்த பிறகும் இன்னொரு முறை பார்க்கவேண்டும், செல் சுருங்கும்போது அழுத்தம் மாறிவிடும்.

பூஜ்யம் வந்துவிட்டது என்று உடனே எழுதிவிடவேண்டாம். ஒரு கம்பி விட்டுப்போனாலும் மீட்டர் பூஜ்யம் காட்டும், சிலசமயம் எதிர்க்குறிகூட வரும். மின்னோட்டத் திசையைத் திருப்புங்கள், வெப்ப மின்னழுத்தம் கழிந்துபோகும். மின்னோட்ட ஜோடியையும் மின்னழுத்த ஜோடியையும் இடம் மாற்றிப் பாருங்கள். பிறகு காந்தப்புலம் போட்டுப் பாருங்கள்: புலம் கூடக்கூட இறக்கம் கீழ் வெப்பநிலைக்கு நகரவேண்டும். நகராவிட்டால் பிரித்து மறுபடி கம்பி போடுங்கள்.