விரிதாள் இணையப் பக்கமாகும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ உள்ள பட்டியலை இணையத்தில் ஏற்றும்போது நேரும் சிக்கல்களைப் பற்றியே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் கேட்கின்றன. நாம் வேலை செய்யும் விரிதாளும் வாசகர் பார்க்கும் பக்கமும் ஒரே பொருள் அல்ல. முன்னதிலிருந்து ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எடுக்கப்பட்ட படியே பின்னது. படி எடுக்கையில் எது விடுபட்டது, எது தேவையின்றிக் கூடவே போனது என்று தேடினால் கீழே உள்ள சிக்கல்கள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் நூற்பட்டியலை எக்செலில் தயாரித்து, 'வெப் பேஜ்' என்ற வகையில் சேமித்தேன். என் கணினியில் நன்றாகத் திறக்கிறது. இணையதளத்தில் ஏற்றிய பிறகு வெற்றுப் பக்கம் மட்டுமே வருகிறது. காரணம் என்ன? (நூலகத் தன்னார்வலர், சிவகாசி)

பதில்: நீங்கள் ஒரு கோப்பை மட்டும் ஏற்றியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பல தாள்கள் கொண்ட பணிப்புத்தகத்தை (அதாவது முழு எக்செல் கோப்பை) எக்செல் இணையப் பக்கமாகச் சேமிக்கும்போது, முதன்மைக் கோப்புடன் அதே பெயரில் தொடங்கி 'ஃபைல்ஸ்' என்று முடியும் கோப்புறை ஒன்றையும் அருகிலேயே உருவாக்கும். ஒவ்வொரு தாளின் உள்ளடக்கமும், கீழே தெரியும் தாள்பெயர்ப் பட்டையும், வரைபடங்களின் படங்களும் அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கின்றன. முதன்மைக் கோப்பு அவற்றை வரவழைத்துக் காட்டும் சட்டம் (ஃபிரேம்) மட்டுமே. உங்கள் கணினியில் கோப்புறை பக்கத்திலேயே இருப்பதால் எல்லாம் தெரிகிறது. இணையதளம் இருக்கும் கணினியான சர்வரில் அது இல்லாததால் சட்டம் வெறுமையாக நிற்கிறது.

ஆகவே கோப்பையும் கோப்புறையையும் சேர்த்து, ஒரே இடத்தில், பெயர் மாற்றாமல் ஏற்றுங்கள். பெயரை மாற்ற விரும்பினால் சர்வரில் மாற்றாதீர்கள். எக்செலிலேயே புதுப் பெயரில் மறுபடி சேமித்து, இரண்டையும் மீண்டும் ஏற்றுவதே சரி. பெயர் இடைவெளியின்றி, சிறிய ஆங்கில எழுத்துகளில் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும். பெரும்பாலான இணையதளங்கள் இயங்கும் லினக்ஸ் சர்வரோ இரண்டையும் வேறு வேறு பெயர்களாகக் கொள்ளும். வீட்டில் திறந்த பக்கம் இணையத்தில் திறக்காமைக்கு இதுவும் அடிக்கடி காரணமாகிறது.

நூற்பட்டியல் ஒரே தாளில்தான் இருக்கிறது என்றால் இதைவிட எளிய வழி உண்டு. சேமிக்கும் பெட்டியில் முழுப் பணிப்புத்தகத்தையும் தேர்ந்தெடுக்காமல் அந்தத் தாளை மட்டும் தேர்ந்தெடுத்தால், அட்டவணை முதன்மைக் கோப்புக்குள்ளேயே அமைந்துவிடும். லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்போர் இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் வகையில் சேமித்தால், எல்லாத் தாள்களும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். சட்டங்களின் சிக்கல் அங்கே இல்லை. நீண்ட நூற்பட்டியலுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: கூகுள் ஷீட்ஸில் விலைப்பட்டியல் வைத்திருக்கிறேன். இணைப்பை அனுப்பினால் சிலருக்கு 'அனுமதி தேவை' என்று வருகிறது. திறக்க முடிந்தவர்களோ பழைய விலையே தெரிகிறது என்கிறார்கள். (விதை வணிகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: இரண்டு வெவ்வேறு இணைப்புகள் உங்களிடமிருந்து போயிருக்க வேண்டும். உலாவியின் முகவரிப் பெட்டியிலிருந்து நகலெடுத்தது நீங்கள் திருத்தும் விரிதாளின் முகவரி. பகிர்வு அனுமதி இல்லாதவருக்கு அது கதவைத் திறக்காது. 'ஃபைல்' பட்டியலில் 'ஷேர்' என்பதன் கீழுள்ள 'பப்ளிஷ் டு வெப்' தருவது வேறு முகவரி. அதைத் திறக்கக் கணக்கோ அனுமதியோ தேவையில்லை. வாடிக்கையாளருக்கு இரண்டாவதை மட்டுமே அனுப்புங்கள். அலுவலகம் அல்லது கல்லூரி வழங்கிய கணக்கில் இந்த வசதி தெரியவில்லை என்றால், அந்நிறுவனத்தின் நிர்வாகி அதைத் தடுத்து வைத்திருக்கலாம்.

பழைய விலை தெரிவதற்கு முதலில் பார்க்க வேண்டியது, அதே பெட்டியின் அடியில் உள்ள, மாற்றங்கள் தானாக மறுவெளியீடு ஆகவேண்டும் என்ற தேர்வு. அது நீக்கப்பட்டிருந்தால், வெளியிட்ட அன்று இருந்த விலையே என்றும் நிற்கும். தேர்வு இருந்தாலும் மாற்றம் உடனே தெரியாது. ஐந்து நிமிடம் வரை ஆகலாம். வாசகரின் உலாவி தன்னிடம் சேமித்து வைத்த பழைய பக்கத்தைக் காட்டுவதும் உண்டு. கன்ட்ரோல் விசையுடன் எஃப்5 அழுத்தினால் புதிய பக்கம் வரும். மணிக்கு மணி விலை மாறும் வணிகத்துக்கு இம்முறை ஏற்றதன்று. நாளுக்கு ஒருமுறை மாறும் விதை விலைக்குப் போதுமானது. ஆயினும் பட்டியலின் தலைப்பில் 'இன்ன தேதி நிலவரம்' என்று எழுதிவைப்பது வாங்குவோருக்கும் உங்களுக்கும் நல்லது.

கேள்வி: உறுப்பினர் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வெளியிட்டபின் சிதைந்துவிடுகின்றன. ஒரு கோப்பில் கேள்விக்குறிகள், இன்னொன்றில் விசித்திரமான ஐரோப்பிய எழுத்துகள், பழைய கோப்பு ஒன்றில் ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. (சங்கச் செயலாளர், யாழ்ப்பாணம்)

பதில்: மூன்றும் மூன்று நோய்கள், மருந்தும் வேறு வேறு. எழுத்துருவை மாற்றுவது இவற்றில் எதற்கும் தீர்வாகாது.

கேள்விக்குறிகள் வந்திருப்பின் அந்தக் கோப்பில் தமிழ் அழிந்தே போய்விட்டது. எக்செலின் சாதாரண சிஎஸ்வி வகை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய உரைக்கோப்பு), விண்டோஸ் கணினியின் பழைய எழுத்துக் குறியீட்டில் சேமிக்கிறது. அதில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு தமிழ்க் குறியின் இடத்திலும் கேள்விக்குறி ஒன்றை எழுதிவிடுகிறது. அங்கிருந்து பெயரை மீட்க எந்த மென்பொருளாலும் இயலாது. மூலமான எக்செல் கோப்பைத் திறந்து, 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையில் மீண்டும் சேமியுங்கள். யுடிஎஃப்-8 என்பது தமிழ் உட்பட எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை. எக்செல் 2016 முதல் இந்த வகை உள்ளது. மூலக் கோப்பை எக்காரணத்துக்காகவும் அழிக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் கவலை வேண்டாம். தமிழ் பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. உலாவியோ எக்செலோ அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துவிட்டால், மேலே சாய்கோடிட்ட இலத்தீன் 'ஏ'யும் (à), வட்டத்துக்குள் 'ஆர்' உள்ள பதிவுக்குறியும் மாறி மாறி வரிசையாகத் தோன்றும். இந்த இரண்டையும் கண்டால் இது இரண்டாம் நோய் என்று உறுதியாகச் சொல்லலாம். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செலில் 'டேட்டா' பட்டியலின் வழியே இறக்குமதி செய்து, கோப்பின் மூலக் குறியீடு என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுடன் இருக்கும் யூனிகோடைத் தேர்ந்தெடுங்கள். இணையப் பக்கத்தில் இது நேர்ந்தால், பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியீடு எது என்று கூறும் வரியைப் பாருங்கள். எக்செல் உருவாக்கும் பக்கங்களில் அது பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 என்றிருக்கும். பக்கத்தைப் பிறகு நோட்பேடில் திறந்து தமிழில் ஏதேனும் சேர்த்து யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால், அறிவிப்பு ஒன்றாகவும் உள்ளே உள்ளது வேறொன்றாகவும் ஆகிவிடுகிறது. எக்செலில் சேமிக்கும் பெட்டியின் 'டூல்ஸ்' பொத்தானில் 'வெப் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, குறியீட்டை யுடிஎஃப்-8 என்று மாற்றிவிட்டால் இது முற்றிலும் தவிர்க்கப்படும். அதன் பின்னும் சிதைவு நீடித்தால், சர்வர் அனுப்பும் தலைப்புச் செய்தியில் வேறு குறியீடு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தளத்தைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். சர்வர் சொல்வதற்கே உலாவி முன்னுரிமை தரும்.

மூன்றாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. அதில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டியது. வாசகரிடம் அந்த எழுத்துரு இல்லாதபோது உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையைப் பயன்படுத்துவர். ஆதலால் சொற்களின் நடுவே அரைப்புள்ளிகள் மிகுந்திருந்தால் அது பாமினிதான் என்று கொள்ளலாம். இத்தகைய கோப்பை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியின் மூலம் யூனிகோடுக்கு மாற்றிய பின்பே வெளியிட வேண்டும். தமிழ் நெடுவரிசைகளை மட்டும் நகலெடுத்து மாற்றுங்கள். முழுத்தாளையும் மாற்றியில் இட்டால் மின்னஞ்சல் முகவரிகளும் ஆங்கிலப் பெயர்களும் பொருளற்ற தமிழாகிவிடும்.

கேள்வி: விரிதாளை வேறொரு பக்கத்துக்குள் பதித்துக் காட்டக் கூகுள் ஷீட்ஸ் தந்த உட்பொதி நிரலை வலைப்பூவில் ஒட்டினேன். தபால் அட்டை அளவுக்குச் சிறு சன்னலாகத் தெரிகிறது. (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: கூகுள் தரும் நிரலில் அகலமும் உயரமும் குறிப்பிடப்படுவதில்லை. குறிப்பிடாத சட்டத்துக்கு உலாவி தரும் அளவு 300 க்கு 150 பிக்சல் மட்டுமே. நிரலில் அகலத்தை 100 விழுக்காடு என்றும் உயரத்தை 600 என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாகரில் ஒட்டும்போது எச்டிஎம்எல் பார்வையில் ஒட்ட வேண்டும். எழுதும் பார்வையில் ஒட்டினால் நிரலே எழுத்தாகத் தெரியும். மாணவர்களும் பெற்றோரும் பெரும்பாலும் கைப்பேசியில் பார்ப்பவர்கள் என்பதால், நான்கைந்து நெடுவரிசைகளுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: எக்செலிலிருந்து உருவாக்கிய பக்கத்தில் சில தொகைகளுக்குப் பதிலாக '#' குறிகள் வரிசையாக வருகின்றன. (கணக்காளர், கோயம்புத்தூர்)

பதில்: நெடுவரிசை குறுகலாக இருந்திருக்கிறது. சேமிக்கும் நேரத்தில் திரையில் என்ன தெரிந்ததோ அதையே எக்செல் பக்கத்தில் எழுதும். அகலப்படுத்தி மறுபடி சேமியுங்கள். சூத்திரங்களும் அப்போதைய விடைகளாக உறைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சந்தா விவரத்தை வெளியிட விரும்புகிறோம். தொலைபேசி எண், முகவரி உள்ள நெடுவரிசைகளை மறைத்துவிட்டு வெளியிட்டால் போதுமா? (சங்கப் பொருளாளர், சென்னை)

பதில்: போதாது. தயவுசெய்து அப்படி வெளியிட வேண்டாம். மறைத்தல் என்பது நம் கண்ணுக்கு வசதி செய்யும் ஏற்பாடு. பாதுகாப்பு ஏற்பாடு அன்று. எக்செல் உருவாக்கும் இணையப் பக்கத்தில் மறைத்த நெடுவரிசை 'காட்டாதே' என்ற குறிப்புடன் உள்ளேயே இருக்கும். பக்கத்தின் மூலநிரலைத் திறப்பவர் எவரும் அதைப் படிக்கலாம். கூகுள் ஷீட்ஸைப் பார்வை அனுமதியுடன் பகிர்ந்தாலும், பார்ப்பவர் தமக்கொரு நகல் எடுத்து மறைத்ததை விரித்துக்கொள்ள முடியும்.

இதன் விளைவு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு வட அயர்லாந்துக் காவல்துறைக்கு நேர்ந்ததே சான்று. தகவல் அறியும் விண்ணப்பம் ஒன்றுக்குப் பதிலாக அத்துறை அனுப்பிய விரிதாள் 2023 ஆகஸ்ட் 8 அன்று இணையத்தில் வெளியானது. அதில் மறைந்திருந்த ஒரு தாளில், பணியாற்றுவோர் 9,483 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் ஆகியவை இருந்தன. தம் வேலையை அண்டை வீட்டாருக்கும் சொல்லாமல் வாழ வேண்டிய சூழலில் உள்ளவர்கள் அவர்களில் பலர். சில மணி நேரத்தில் கோப்பு நீக்கப்பட்டும், போனது போனதுதான். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அடுத்த ஆண்டு 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது, வெளியீட்டுக்கென்று தனியாக ஒரு புதிய விரிதாள் கோப்பை உருவாக்குவது. அதே கோப்பில் இன்னொரு தாள் சேர்ப்பது போதாது, ஏனெனில் கூகுளின் வெளியீட்டுப் பெட்டியில் முதலில் தேர்வாகி நிற்பது முழு ஆவணமே. புதிய கோப்பில் வீட்டு எண், செலுத்திய மாதம், நிலுவை ஆகியவற்றை மட்டும், சூத்திரங்கள் இன்றி, மதிப்புகளாக ஒட்டுங்கள். தானாகப் புதுப்பிக்க வேண்டுமெனில் இம்போர்ட்ரேஞ்ச் என்ற சூத்திரத்தின் மூலம் தேவையான நெடுவரிசைகளை மட்டும் வரவழைக்கலாம். முதல் முறை பிழைச்செய்தி தோன்றும், அதைச் சொடுக்கி அனுமதி தந்தால் சரியாகிவிடும். அந்த அனுமதி மூலக் கோப்பு முழுவதற்கும் பொருந்தும். ஆகவே வெளியீட்டுக் கோப்பைத் திருத்தும் உரிமையை வேறு யாருக்கும் தராதீர்கள். தந்தால், சூத்திரத்தில் நெடுவரிசையின் பெயரை மாற்றித் தொலைபேசி எண்களையும் அவர் வரவழைத்துவிடலாம்.

ஏற்கெனவே மறைத்து வெளியிட்டிருந்தால், பகிர்வை மூடினால் மட்டும் வெளியீடு நிற்காது. 'பப்ளிஷ் டு வெப்' பெட்டியில் வெளியீட்டை நிறுத்தும் பொத்தானைத் தனியே அழுத்தி, பழைய இணைப்பை உலாவியின் மறைநிலைச் சன்னலில் திறந்து, அது திறக்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். அதற்குள் யாரேனும் நகல் எடுத்திருக்கக்கூடும் என்பதால், எந்த விவரங்கள் எத்தனை நாள் வெளியே இருந்தன என்பதை உறுப்பினர்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.