190 மில்லிமீட்டர் எங்கே போனது?

கேள்வி: தரை இடைவெளி (வண்டியின் அடிப்பாகத்துக்கும் சாலைக்கும் உள்ள உயரம்) 190 மி.மீ. என்று விற்பனையாளர் சொன்னதை நம்பிச் சென்ற ஆண்டு எஸ்.யு.வி. வாங்கினோம். நான் மட்டும் ஓட்டிப் போனால் தொல்லையில்லை. மாமனார், மாமியார், பிள்ளைகளோடு டிக்கி நிறையச் சாமான் ஏற்றினால் தெருமுனை வேகத்தடையில் அடிவயிறு உரசுகிறது. ஸ்பிரிங்கில் ரப்பர் வைத்து உயர்த்தச் சொல்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?
— வாசகி, மேடவாக்கம்

பதில்: வேண்டாம் அம்மா. ரப்பர் செருகிய சுற்று அமுங்காது. அது அமுங்க வேண்டிய அளவையும் சேர்த்து மற்ற சுற்றுகளே அமுங்க வேண்டியிருக்கும். வண்டி உயர்ந்தால் வளைவில் சாய்வும் கூடும். பெரியவர்களும் பிள்ளைகளும் ஏறும் வண்டியில் இந்தச் சோதனை எதற்கு?

அந்த 190 பெரும்பாலும் ஆளில்லாத வண்டியின் அளவு. பெரிய வண்டிகளுக்கு அப்போதிருந்த கூடுதல் வரிக்கு 170 மி.மீ. என்ற வரம்பை 2023-இல் ஜி.எஸ்.டி. கவுன்சில் விளக்கியபோதுகூட, சுமையில்லாத நிலையில் என்றே சொன்னது. நான் என் வண்டியில் ஐந்து பேரை உட்காரவைத்து, இரண்டு பெட்டிகளும் ஏற்றி, சமதரையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் 40 மி.மீ. இறங்கியிருந்தது. நீங்களும் அளந்து பாருங்கள். உங்கள் குடும்பத்துக்கு உதவுவது அந்த எண்தான்.

இன்னொன்று, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம். ஒரே 190 உள்ள இரண்டு வண்டிகளில் 2,500 மி.மீ. தூரமுள்ளது தாண்டிவிடும் மேட்டில், 2,750 உள்ளது நடுவயிற்றைத் தேய்த்துக்கொள்ளும். வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

தெருமுனை மேட்டையும் அளந்துவிடுங்கள். சாலைகளுக்கான தரநெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ், 1988-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் வளைவான வேகத்தடைக்கு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் சொன்னது. குறுகலாகவும் செங்குத்தாகவும் எழுப்பியிருந்தால் குற்றம் உங்கள் வண்டியில் இல்லை. அளவையும் படத்தையும் சேர்த்து உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

அதுவரை மூன்று வேலைகள். கனமான பெட்டியை டிக்கியின் வால்பக்கம் வைக்காமல் பின் இருக்கையை ஒட்டி வையுங்கள். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்கான காற்றழுத்தம் தனியாக இருக்கும். ஊருக்குப் புறப்படும் முன் அந்த அளவுக்குக் காற்றடியுங்கள். மேட்டுக்கு முன்பே வேகத்தை முற்றிலும் குறைத்து, சக்கரம் ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். மிதித்தபடியே ஏறினால் மூக்கு தாழ்ந்து, இருக்கிற இடைவெளியும் குறையும்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பக்கம் வசிக்கிறீர்கள் என்பதால் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 190 மி.மீ. என்பது வெள்ளத்தில் இறங்க அனுமதி அல்ல. தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் புகுந்த நீரை அமுக்க முடியாமல், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, மெக்கானிக்கை அழையுங்கள்.