வாசகர் கேள்வி – பதில்: போக்குவரத்துப் பணம் யாருக்காகச் செலவாகிறது?

கேள்வி: சாலை, மேம்பாலம், மெட்ரோ ரயில் எல்லாமே பொதுமக்களுக்காகத்தானே கட்டப்படுகின்றன? அதில் சமூக நீதியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பதில்: பொதுமக்களுக்காகத்தான், ஆனால் அந்தப் பொதுமக்களில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1994-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பெருநகரப் போக்குவரத்து ஆணையம், பேருந்துக் கட்டணத்தை 1.10 டாலரிலிருந்து 1.35 டாலராக உயர்த்தவும், 42 டாலர் மாதப் பயண அட்டையை அடியோடு நிறுத்தவும் முடிவெடுத்தது. பணமில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆனால் ஏறக்குறைய அதே நாட்களில் அருகிலுள்ள பாசடீனா நகருக்கான ரயில் பாதைக்கு 12 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க அதே ஆணையத்தால் முடிந்தது. ஆணையத்தின் பயணிகளில் நூற்றுக்கு 94 பேர் பேருந்தில் செல்பவர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், வெள்ளையர் அல்லாதவர்கள் என்று வாதிட்டு, பேருந்துப் பயணிகள் சங்கமும் அதன் தோழமை அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. அரசு நிதி பெறும் அமைப்புகள் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டமே அவர்களுக்குப் பிடிமானமாக இருந்தது.

1996-இல் இரு தரப்பும் இசைந்து, பத்தாண்டுகளுக்கான ஒப்பந்தம் ஒன்று நீதிமன்ற ஆணையாயிற்று. மாத அட்டை பிழைத்தது. 11 டாலர் வார அட்டையும் வந்தது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: நெரிசல் நேரத்தில் ஒரு பேருந்தில் நின்றுகொண்டு செல்பவர்களின் சராசரி எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்து, 2002-க்குள் 8 பேருக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. நீதி என்ற பெரிய சொல், நின்று பயணம் செய்பவர்களை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் அளவுகோலாக மாறியது இப்படித்தான். பின்னாளில் இந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டது. பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்ததைக் காட்டாமல், பாதிப்பு ஏற்றத்தாழ்வாக விழுகிறது என்ற காரணத்தை மட்டும் வைத்துத் தனிநபர்கள் இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க முடியாது என்று 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: திட்டங்களை வல்லுநர்கள் கணக்குப் போட்டுத்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்? கணக்கில் எப்படிப் பாரபட்சம் நுழையும்?

பதில்: கணக்கு போடுவதற்கு முன்பே நுழைந்துவிடுகிறது. போக்குவரத்துத் திட்டங்களின் செலவு–பயன் கணக்கில் பயன் என்று காட்டப்படுவதில் பெரும்பங்கு, பயணிகளுக்கு மிச்சமாகும் நேரத்தின் பண மதிப்பு. அந்த மதிப்பை வருமானத்தை ஒட்டி நிர்ணயித்தால், மேலாளரின் பத்து நிமிடம் அவருடைய அலுவலகத்தைத் துப்புரவு செய்பவரின் பத்து நிமிடத்தைவிடப் பல மடங்கு பெறும். வசதியானவர்கள் செல்லும் வழித்தடமே இலாபகரமானது என்று தாளில் நிரூபணமாகிவிடும். இதைத் தவிர்க்கவே பிரிட்டனில், அலுவல் சாராத பயணங்களுக்கு ஏழை பணக்காரர் என்று பாராமல் பொதுவான சராசரி மதிப்பைப் பயன்படுத்துகிறார்கள்.

இதைவிட நுட்பமான கோளாறு தேவையை மதிப்பிடுவதில் இருக்கிறது. இன்று யார் எங்கே பயணம் செய்கிறார்கள் என்பதை வைத்தே நாளைய தேவையை மதிப்பிடுகிறார்கள். பேருந்து இல்லாததால் வேலைக்கே போகாமல் விட்டவர், மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டவர் ஆகியோரின் பயணம் நடக்கவே இல்லை என்பதால், அது கணக்கெடுப்பில் விழுவதில்லை. விழாததால் அங்கே பேருந்தும் வருவதில்லை. மற்ற அலுவலர்கள் வருமுன் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால் விடியுமுன் கிளம்பும் அந்தத் துப்புரவுப் பணியாளரும், காலை, மாலை உச்ச நேரத்தை மட்டும் அளக்கும் ஆய்வில் அகப்படமாட்டார். குழந்தையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய், பிறகு வேலைக்குச் செல்லும் பெண்ணின் பயணம் துண்டு துண்டாக இருப்பதால், ஒவ்வொரு முறை வண்டி மாறும்போதும் புதிதாகக் கட்டணம் கேட்கும் முறை அவரைத்தான் அதிகம் தண்டிக்கிறது.

கேள்வி: அப்படியானால் பெரிய முதலீட்டுத் திட்டங்களே ஏழைகளுக்கு எதிரானவையா?

பதில்: இல்லை, அவை எந்தத் திசையில் போகின்றன என்பதுதான் கேள்வி. கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் 2004-இல், செங்குத்தான மலைச்சரிவில் அமைந்த ஏழைக் குடியிருப்புகளை மெட்ரோ ரயில் நிலையத்துடன் இணைக்க ரோப் கார் அமைத்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வேடிக்கை காட்டுவதற்கென்றே பல ஊர்களில் அமைக்கப்படும் அந்த வாகனம், அங்கே அன்றாட வேலைக்குப் போகும் வழியாயிற்று. ரோப் காரிலிருந்து ரயிலுக்கு மாறுவதற்குத் தனிக் கட்டணம் வைக்காததும் திட்டத்தின் உயிர்நாடி.

கேள்வி: பயணத்தை இலவசமாக்கிவிட்டால் பிரச்சினை தீராதா?

பதில்: லக்சம்பர்க் 2020-இல் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது, ரயிலின் முதல் வகுப்புக்கு மட்டும் கட்டணம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டியே வராத நிறுத்தத்தில் இலவசத்துக்குப் பொருளில்லை. கட்டண வருவாயை இழக்கும் நிறுவனத்துக்கு அரசு அதை ஈடுகட்டாவிட்டால், முதலில் நிறுத்தப்படுவது கூட்டம் குறைந்த புறநகர் வழித்தடங்களாகத்தான் இருக்கும்.

கேள்வி: நெரிசலைக் குறைக்க, நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் விதித்தால், பணக்காரர் கொடுத்துவிட்டுப் போவார், நடுத்தரக்காரர்தானே சிரமப்படுவார்?

பதில்: வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பதைப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. லண்டனில் 2003 பிப்ரவரியில் இந்தக் கட்டணம் தொடங்கியபோது, நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியிருந்தது. பேருந்துகளையும் முன்கூட்டியே அதிகரித்திருந்தார்கள். பணத்தைப் பொதுக் கருவூலத்தில் கரைத்துவிட்டு, மாற்று வாகனமும் தராத நகரத்தில், உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது.