ஞாயிறு மாலை கப்பல். பினாங்கிலிருந்து எப்போது கிளம்புவது?

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வரும் செப்டம்பரில் கணவர், 76 வயது மாமியார் இருவருடனும் ரோமிலிருந்து ஏழு இரவுக் கப்பல் பயணம் போகிறோம். கப்பல் ஞாயிறு மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது. சனிக்கிழமை மதியம் பினாங்கிலிருந்து மலிவு விமானத்தில் கோலாலம்பூர், அன்றிரவே வேறு விமானத்தில் தோஹா வழியாக ரோம், ஞாயிறு பகல் 12.45-க்குத் தரையிறக்கம். இது எங்கள் முகவரின் திட்டம். "நான்கு மணி நேரம் கையில் இருக்கிறதே, ஹோட்டல் செலவு எதற்கு?" என்கிறார். ஐரோப்பிய அனுமதிக்கென்று தலைக்கு 280 வெள்ளியும் (ரிங்கிட்) கேட்கிறார். எத்தனை நாள் முன்னதாகப் போக வேண்டும்? மாமியாருக்கு நீரிழிவு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார்.

பதில்: இரண்டு இரவுகள், அம்மா. வெள்ளிக்கிழமை பகலில் நீங்கள் ரோமில் இருக்க வேண்டும். அதற்கு வியாழக்கிழமை கிளம்புங்கள். உங்கள் முகவர் சொல்லும் நான்கு மணி நேரம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

முதலில், கப்பல் ரோமிலிருந்து புறப்படுவதில்லை. ரோம் என்று விளம்பரத்தில் போடுவார்கள். துறைமுகம் இருப்பது சிவிதாவெக்கியா என்ற ஊரில், ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி. நம் ஆட்களுக்குக் கப்பல் பயணம் என்றால் பினாங்குத் தீவின் ஸ்வெட்டன்ஹாம் துறைதான் மனத்தில் நிற்கிறது. பகல் சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு, பெர்ரி ஏறி அக்கரை இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு போய் ஏறிவிடலாம். அந்தப் பழக்கத்தை அப்படியே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவதுதான் இத்தனை தொல்லைக்கும் வேர்.

கணக்கைப் பாருங்கள். 12.45-க்குச் சக்கரம் தரையைத் தொடுகிறது. விமானத்திலிருந்து வெளியே வர இருபது நிமிடம். அடுத்து குடிநுழைவு. ஐரோப்பாவில் புதிய எல்லைப் பதிவு முறை 2025 அக்டோபர் 12-இல் தொடங்கி, 2026 ஏப்ரல் 10-க்குள் முழுமையாக நடைமுறைக்கு வரும்படி திட்டமிடப்பட்டது. கடப்பிதழில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக விரல் ரேகையும் முகப் படமும் எடுக்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நேரம் பிடிக்கும். வரிசை ஒரு மணி நேரம் ஆனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெட்டி வர அரை மணி. துறைமுகத்துக்கு வண்டியில் ஒரு மணி நேரம். இப்போதே மணி மூன்றரை. கப்பல் 5 மணிக்குக் கிளம்பும் என்றால் ஏறும் வாசலை அதற்கு ஒரு மணி, சில கப்பல்களில் ஒன்றரை மணி முன்பே மூடிவிடுவார்கள். பயணிகள் பட்டியலைத் துறைமுக அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும். அதன் பிறகு உங்களுக்காக யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். தோஹாவில் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் போதும், கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஓர் இரவு போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்களுக்குப் போதும். உங்கள் பெட்டிக்குப் போதாது. இணைப்பு விமானத்தில் பெட்டி தங்கிவிட்டால் பெரும்பாலும் அடுத்த நாள் விமானத்தில்தான் வரும். ஓரிடத்தில் தங்கியிருப்பவருக்கு ஹோட்டலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். கப்பலோ நாளுக்கொரு துறையில் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் வழியாகப் போன ஈப்போத் தம்பதி ஒருவரின் பெட்டி இடைவழியில் நின்றுவிட்டது. பெட்டி நேப்பிள்ஸ் வந்தபோது கப்பல் மெசினாவில். மெசினாவுக்கு அனுப்பினார்கள், கப்பல் மால்டாவில். கடைசியில் பார்சிலோனாவில், ஆறாம் நாள், பெட்டி அவர்களைப் பிடித்தது. அதுவரை அந்த மனிதர் ஒரே பாத்திக் சட்டையை இரவில் துவைத்துப் பகலில் போட்டுக்கொண்டார். "கப்பலில் எல்லோருக்கும் எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது" என்று அவர் மனைவி சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அந்த டிக்கெட்டைப் போட்டவன் நான்.

பெட்டி வராவிட்டால், பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதி, அந்தத் தாளின் நகலோடு வெளியே வாருங்கள். தாமதத்தால் வாங்க நேர்ந்த துணிமணி, மருந்துக்கான ரசீதுகளைச் சேர்த்து, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை தரும் உரிமை அது. கேட்காதவருக்கு யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

இனி உங்கள் முகவரின் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளுக்கு வருவோம். மலிவு விமானம் கோலாலம்பூரில் இரண்டாம் முனையத்தில் இறங்கும். தோஹா விமானம் முதல் முனையத்திலிருந்து கிளம்பும். இறங்கி, பெட்டியை எடுத்து, இரண்டு வெள்ளி கொடுத்து ரயிலேறி, அடுத்த முனையத்தில் மறுபடி வரிசையில் நின்று பெட்டியைப் போட வேண்டும். ரயில் என்னவோ மூன்று நிமிடம்தான். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டு நிறுவனங்களும் கையை விரிக்கும். ஏனென்றால் அவர்களுடைய ஏட்டில் நீங்கள் இரண்டு தனிப் பயணிகள். மாமியாருக்குக் கேட்டுவைத்த சக்கர நாற்காலியும் முதல் டிக்கெட்டோடு முடிந்துவிடும். இன்னும் மோசமானது, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு சிறு விமான நிலையமான சுபாங்கில் இறங்கும் விமானத்தைப் போட்டுக்கொடுக்கும் முகவர்கள். கோலாலம்பூர் என்றுதான் டிக்கெட்டை விற்பார்கள். சுபாங்கிலிருந்து பெரிய விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை வண்டியில் ஏறிய பிறகுதான் நம் ஆட்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

பினாங்கு முதல் ரோம் வரை ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். பெட்டியைப் பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் போட்டால் ரோமில் எடுக்க வேண்டும். விலை கூடத்தான் செய்யும். வழியில் ஒரு விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்புக்குத்தான் அந்தக் கூடுதல் விலை.

நம் நாட்டுச் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2024 செப்டம்பர் முதல், விமானம் ஐந்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் பயணி பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நல்ல விதிதான். பினாங்கு–கோலாலம்பூர் டிக்கெட்டின் நூற்றுச்சொச்சம் வெள்ளி உங்களுக்குத் திரும்பி வரும். ரோமில் கப்பல் போய்விட்டிருக்கும். அந்தப் பணத்தில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம். விமானப் பயணிகளின் குறைகளைப் பார்க்கத் தனி ஆணையம் ஒன்று இருந்தது. 2025 ஆகஸ்டில் அதையும் வேறொரு அமைப்போடு இணைத்தார்கள். பலகை மாறுகிறது. பயணி படிவத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிறார்.

அதே நாளில் போய் இறங்குவதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. முகவர்கள் இதைத்தான் திரித்துச் சொல்கிறார்கள் என்பதால் பொறுமையாகக் கேளுங்கள். கப்பல் நிறுவனமே விமான டிக்கெட்டையும் சேர்த்து விற்பது உண்டு. அப்படி வாங்கியிருந்து விமானம் தாமதமானால், உங்களைக் கப்பலில் சேர்க்கும் தலைவலி அவர்களுடையது. இதன் பொருள் கப்பல் காத்திருக்கும் என்பதல்ல. ஓர் இரவு எங்காவது தங்கவைத்து அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், அவ்வளவே. சரி, உங்களுடையது அந்த வகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கப்பல் நிறுவனம் அனுப்பிய உறுதிச் சீட்டில், அதே தாளில், விமான எண்கள் அச்சாகியிருக்க வேண்டும். முகவர் தன் கடை ரசீதில் கப்பலையும் விமானத்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தால் அது இதுவாகாது. "எல்லாம் ஒரே பேக்கேஜ்தான்" என்று வாயால் சொல்வதும் ஆகாது. அப்படியே அசல் ஏற்பாடாக இருந்தாலும், விமானம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து என்றிருந்தால், பினாங்கிலிருந்து அங்கே போய்ச் சேருவது உங்கள் பாடு. அந்த முதல் ஒரு மணி நேரப் பயணத்தில் கோளாறானால் விதிவிலக்கு வீட்டு வாசலிலேயே அறுந்துவிடும். ஆக, விதிவிலக்கு இருக்கிறது. உங்களுக்கு இல்லை.

இப்போது அந்த 280 வெள்ளி. மலேசியக் கடப்பிதழுக்கு இத்தாலி போக விசா வேண்டாம். 180 நாட்களில் 90 நாள் தங்கலாம். விசா வேண்டாதவர்களுக்கான இணையவழி முன்அனுமதி ஒன்று வரப்போகிறது என்பது உண்மை. அது 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. நீங்கள் போவது செப்டம்பரில். அது வந்த பிறகும் கட்டணம் 20 யூரோதான், 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் கிடையாது. உங்கள் மாமியாரிடமும் சேர்த்து 280 கேட்கிறார் என்றால், ஒன்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இரண்டில் எது என்றாலும் அவரிடம் வேறு சில கேள்விகளும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, டிக்கெட் எண். ஆறு எழுத்தில் வரும் முன்பதிவுக் குறியீட்டைக் காட்டி "டிக்கெட் போட்டாகிவிட்டது" என்பார்கள். அது இடம் பிடித்து வைத்ததற்கான அடையாளம் மட்டுமே. பணம் கட்டாமலே அதை வாங்கிவிடலாம், சத்தமில்லாமல் காலாவதியும் ஆகிவிடும். உண்மையான மின்டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் உண்டு. முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். மலேசியா ஏர்லைன்ஸ் என்றால் 232. ஆளுக்கொரு எண், மூன்று பேருக்கு மூன்று எண் வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பாமல் விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, உரிமம். வெளிநாட்டுப் பயணங்களை விற்க 1992 சுற்றுலாத் தொழில்துறைச் சட்டத்தின்கீழ் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். அமைச்சின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கோயில் திருவிழாவில் அறிமுகமானவர், தெரிந்த குடும்பம், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் என்று தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்களை எண்ணி எனக்கு அலுத்துவிட்டது. ஏமாந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது: 5 வெள்ளிக் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பு உங்கள் பக்கம் வரவும் செய்யும். கடையை மூடிவிட்டு வேறு பெயரில் அடுத்த தெருவில் திறந்தவரிடம் அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு போவது உங்கள் சாமர்த்தியம். மீதித் தொகையைக் கடன் அட்டையில் கட்டினால் வங்கியிடம் முறையிடவாவது வழி இருக்கும்.

நம்மவர்களுக்கென்றே உள்ள வம்பு பெயர். கடப்பிதழில் இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் அ/லெ, அ/பெ சேர்த்து ஒரே பெயராக இருக்கிறது. விமான நிறுவனமோ குடும்பப் பெயர் தனியாக வேண்டும் என்கிறது. ஒரு முகவர் தகப்பனார் பெயரைப் போடுவார், இன்னொருவர் அ/பெ-வையே குடும்பப் பெயராக்கிவிடுவார். விமான டிக்கெட்டிலும் கப்பல் பதிவிலும் பெயர் ஒரே மாதிரி பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். கடப்பிதழின் அடியில் அம்புக்குறிகளோடு வரும் இரண்டு வரிகளை வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

இரண்டு இரவும் ரோமிலேயே, ஒரே ஹோட்டலில் தங்குங்கள். வயதானவரை வைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டிப் பிரிக்க வேண்டாம். பழைய கட்டடங்களில் இருக்கும் சிறு ஹோட்டல்களில் மின்தூக்கி இருக்கிறதா, எந்த மாடி என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். விமான நிலையத்தில் "டாக்சி, டாக்சி" என்று காதோரம் வருபவரை விட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் வெள்ளை டாக்சியில் ஏறுங்கள். நகரின் மையப் பகுதிக்கு அதில் நிர்ணயித்த கட்டணம். துறைமுகத்துக்கு ரயில் மலிவு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும். ஆனால் இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் மழை மாதிரி. வார நாட்களில் அப்போதும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓடும். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. உங்கள் கப்பல் ஞாயிறு என்பதால், ஹோட்டல் வழியாக ஒரு வண்டியைச் சனிக்கிழமையே பேசிவையுங்கள்.

திரும்பும்போது கூடுதல் நாள் தேவையில்லை. கப்பல் விடியலில் வந்துவிடும், ஒன்பது ஒன்பதரைக்குள் இறக்கிவிடுவார்கள். பிற்பகல் 2 மணிக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பாருங்கள். அப்போது தாமதமானால் போவது தூக்கம்தான்.

மாமியாரின் இன்சுலின் கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு, தேவைக்கு இரண்டு மடங்காக இருக்கட்டும். சரக்கு அறையில் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். செப்டம்பரில் ரோம் நமக்கு ஆறு மணி நேரம் பின்னால் இருக்கும். கிளம்பும் நாள் அவருக்கு 30 மணி நேர நாள். எந்த ஊசியை எந்த ஊர் நேரத்தில் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். முகவரிடம் டிக்கெட் எண் மூன்றும் வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.